ஏஞ்சலம்மாள் வீட்டுக் குறி

எனக்குப் பூனை பிடிக்காது. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். தாராவியில் மாவு மில் வைத்திருப்பவனுக்கு எலி எதிரி. எலியைப் பிடிக்கிற பூனையோடு ஒரு வியாபார உறவு உண்டு, அவ்வளவுதான். அது தன் வேலையைப் பார்க்கும், நான் என் வேலையைப் பார்ப்பேன். பூனைக்குப் பெயர் வைப்பது, கழுத்தைச் சொறிந்துவிடுவது, அதோடு உட்கார்ந்து கதை பேசுவது எல்லாம் என் பெண்டாட்டி ஏஞ்சலம்மாளின் இலாகா.

அந்த இலாகா பெரிதானது ஒரு மழைக்காலத்தில். மில்லுக்குப் பின்னால் கோதுமை மூட்டைகளின் இடுக்கில் ஒரு கறுப்பு வெள்ளைப் பூனை குட்டி போட்டிருந்தது. ஆளைப் பார்த்தால் முறைக்கும். அதனால் ஏஞ்சலம்மாள் அதற்கு முறைச்சி என்று பெயர் வைத்திருந்தாள். ராத்திரி பெய்த மழையில் சாக்கடை பொங்கி உள்ளே புகுந்து, காலையில் ஷட்டரைத் தூக்கினால் குட்டிகள் அத்தனையும் செத்துக் கிடந்தன. முறைச்சி மூட்டை மேல் உட்கார்ந்து கத்திக்கொண்டே இருந்தது. மழைக்காலம் முடிவதற்குள் அதற்கு மறுபடியும் வயிறு தள்ளிவிட்டது. ஏஞ்சலம்மாள் அதைப் பார்த்த அன்றைக்குச் சரியாகச் சாப்பிடவில்லை. "பெத்துப் பெத்துத் தண்ணியில விடுததுக்கா அதுக்கு ஒரு ஜென்மம்?" என்று என்னைக் கேட்டாள். நான்தான் குட்டி போட்டவன் மாதிரி.

செம்பூரில் தெருப்பூனைகளுக்கு ஆபரேஷன் செய்கிற ஃபர்ஸானா என்ற டாக்டரம்மாவைப் பற்றிக் கோயிலில் யாரோ சொல்லியிருக்கிறார்கள். அடுத்த வாரமே வீட்டுக்கு ஒரு கம்பிக்கூண்டு வந்துவிட்டது. உள்ளே கடைசியில் வறுத்த கருவாட்டுத் துண்டை வைப்பாள். பூனை அதைத் தின்னப் போய்ப் பலகையை மிதித்தால் பின்னால் கதவு விழும். உடனே கூண்டின் மேல் பழைய சேலையைப் போர்த்திவிட வேண்டும், இருட்டானால் அது அடங்கிவிடும். பிறகு டாக்ஸி, செம்பூர். டாக்டரம்மா மயக்க மருந்து கொடுத்துக் குட்டி போடாதபடி ஆபரேஷன் செய்வார். அந்த மயக்கத்திலேயே இடது காதின் நுனியை நேராக நறுக்கிவிடுவார். ஆபரேஷன் ஆன பூனை என்று தூரத்திலிருந்தே தெரிவதற்காக. இல்லையென்றால் அதையே மறுபடி பிடித்து மறுபடி வயிற்றைக் கிழிக்க நேரும் அல்லவா?

புண் ஆறியதும் பிடித்த இடத்திலேயே கொண்டுவந்து விட்டுவிட வேண்டும். இது மட்டும் எனக்குப் புரியவில்லை. இவ்வளவு தூரம் டாக்ஸியில் போன பூனையை அங்கேயே எங்காவது இறக்கிவிட்டு வந்தால் என்ன என்று கேட்டேன். இடத்தைக் காலி செய்தால் மாஹிம் பக்கத்திலிருந்து புதுப் பூனைகள் வந்து குடியேறிக் குட்டி போடும், இருக்கிற பூனைகளை வைத்துக்கொண்டு பெருக்கத்தை நிறுத்துவதுதான் வழி என்று டாக்டரம்மா சொன்னாராம். தாராவியில் ஒரு ரூம் காலியானால் எத்தனை பேர் சாமானோடு வந்து நிற்பார்கள் என்று எனக்குத் தெரியும். ஆகையால் நான் மேற்கொண்டு கேட்கவில்லை.

இரண்டு வருஷம் இப்படியே போனது. எங்கள் சந்தில் அநேகமாக எல்லாப் பூனைகளுக்கும் இடது காது நுனி இல்லை. ராத்திரியில் சண்டைச் சத்தம் குறைந்தது. மழைக்காலத்தில் செத்த குட்டிகளை அள்ளிப்போடுகிற வேலை இல்லை. பூனைகளும் மேனி மினுங்கி, கல்யாண வீட்டுக்காரர்கள் மாதிரி தெருவில் நடந்தன. ஏஞ்சலம்மாள் கூண்டைத் தூக்கிக்கொண்டு போகிற போது நான் கல்லாவில் உட்கார்ந்து முணுமுணுத்துக்கொண்டுதான் இருப்பேன். ஆனால் உள்ளுக்குள் எனக்கு அவளை நினைத்துப் பெருமைதான். அப்போது வாய்விட்டுச் சொல்லவில்லை, இப்போது சொல்கிறேன்.

வம்பு மன்சூர் அலி பாய் ரூபத்தில் வந்தது. அவர் மேலப்பாளையத்துக்காரர், சந்து முனையில் கறிக்கடை வைத்திருக்கிறார், நல்ல மனுஷர். ஒருநாள் காலையில் மில்லுக்கு வந்து, கோதுமை அரைக்க வந்தவர்கள் முன்னால் வைத்து என்னிடம் நியாயம் கேட்டார்.

"அண்ணாச்சி, ஒங்க செவலைப்பூனை எங்க கடை ஈரலைத் தூக்கிட்டுப் போயிட்டு."

எங்கள் வீட்டில் பூனையே கிடையாதே பாய் என்றேன்.

"என்ன அண்ணாச்சி இப்படிச் சொல்லுதிய? காதுல ஒங்க வீட்டுக் குறி இருக்குல்லா?"

எனக்கு முதலில் விளங்கவில்லை. விளங்கியபோது சிரிப்பதா தலையில் அடித்துக்கொள்வதா என்று தெரியவில்லை. எங்கள் சந்தில் முக்கால்வாசிப்பேர் நாங்குநேரி, சாத்தான்குளம், திசையன்விளைப் பக்கம். அந்தப் பக்கத்தில் ஆடு வைத்திருக்கிறவர்கள் ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு காதுக்குறி உண்டு. ஒருவர் இடது காது நுனியை வெட்டுவார், இன்னொருவர் வலது காதின் நடுவில் கீறிவிடுவார். மேய்ச்சலில் எத்தனை மந்தை கலந்தாலும் காதைப் பார்த்தால் யார் வீட்டு ஆடு என்று சொல்லிவிடலாம். இவர்கள் கண்ணில், இடது காது நுனி வெட்டிய பூனையெல்லாம் ஏஞ்சலம்மாளின் மந்தை. இரண்டு வருஷமாக அப்படித்தான் நினைத்துக்கொண்டிருந்திருக்கிறார்கள். எங்களிடம் ஒருவரும் கேட்கவில்லை. குறி கண்ணுக்குத் தெரியும்போது கேட்பானேன்?

அதற்குப் பிறகு புகார் வரிசையாக வந்தது. பால் பாத்திரம் உருண்டது, ஸ்கூட்டர் சீட்டைப் பிறாண்டியது, காயப்போட்ட வடகத்தின் மேல் படுத்துத் தூங்கியது. எல்லாம் உங்கள் பூனை, உங்கள் குறி. ஏஞ்சலம்மாள் வீடு வீடாகப் போய் இது ஆஸ்பத்திரி அடையாளம் என்று விளக்கினாள். எல்லாரும் தலையை ஆட்டிக் கேட்டுக்கொண்டார்கள். மறுநாள் வந்து, 'ஒங்க பூனை' என்றே ஆரம்பித்தார்கள். அவளும் கடைசியில் விளக்குவதை விட்டுவிட்டாள். உருண்ட பாலைத் துடைத்துக் கொடுப்பாள், பிறாண்டிய சீட்டைத் தைத்துக் கொடுப்பாள், எனக்கு ரத்தம் கொதிக்கும். ஊர்ப் பூனைக்கெல்லாம் நானா ஜவாப்தாரி? இல்லை என்று எல்லார் முன்னாலும் ஒரு தடவை உரக்கச் சொல்லிவிட வேண்டும் என்று சமயம் பார்த்துக்கொண்டிருந்தேன்.

சமயம் ஒரு ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் வந்தது. சால் கமிட்டி மீட்டிங், அதாவது எங்கள் வரிசைவீடுகளின் சங்கக் கூட்டம். தலைவர் நெல்லையப்பன் அண்ணாச்சி, ரயில்வேயில் இருந்து ரிட்டயர் ஆனவர், திசையன்விளைப் பக்கம் கிடை போட்டு ஆடு வளர்த்த குடும்பம். பேச்சில் ஒரு சொல் கூட வீணாகாது. அன்றைக்கு விஷயம் பூனை. முறைச்சிதான் காரணம். மற்ற பூனையெல்லாம் கூண்டுக்குள் போய் வந்துவிட்டன, அது மட்டும் இரண்டு வருஷமாக ஏஞ்சலம்மாளுக்கு டிமிக்கி கொடுத்துக்கொண்டிருந்தது. அந்தத் தடவை அது தண்ணீர் பம்ப் அறையில் குட்டி போட்டு நாற அடித்துவிட்டது. குட்டிகள் தானாகத் தின்னப் பழகியதும் ஏஞ்சலம்மாள் அவற்றைச் செம்பூரில் சேர்த்துவிட்டாள், நல்ல வீடுகளுக்குப் போயின. ஆனால் நாற்றம் நாற்றம்தானே.

முன்பக்கத்துப் புதுக் கட்டடத்தில் இருக்கிற சிலர் ஒரு யோசனை கொண்டுவந்திருந்தார்கள். ஒரு ஆள் இருக்கிறானாம். கோணிப்பையோடு வந்து எல்லாப் பூனையையும் பிடித்து எங்கேயோ கொண்டுபோய் விட்டுவிடுவானாம். எங்கே என்று யாரும் கேட்கவில்லை. கேட்டுத் தெரிந்துகொண்டால் பாவம் நம் தலையில் விழுமே. பெண்கள் பக்கத்தில் உட்கார்ந்திருந்த ஏஞ்சலம்மாள் எழுந்து, இது சட்டப்படியும் தப்பு, பழக்கமில்லாத இடத்தில் விட்டால் அத்தனையும் பட்டினி கிடந்து சாகும், இங்கே புதுப் பூனைகள் வந்து நிரம்பும், இரண்டு வருஷ வேலையும் போச்சு என்றாள். சட்டத்தைப் பிறகு பார்க்கலாம் என்றார்கள். நெல்லையப்பன் அண்ணாச்சி கேட்டுக்கொண்டிருந்தார். குறி போட்ட உருப்படியை எப்படி அண்ணாச்சி அடுத்தவன் பிடிக்கலாம் என்று மன்சூர் அலி பாயே கேட்டார். ஈரலைப் பறிகொடுத்த மனுஷன்! அண்ணாச்சியும், அதானே என்கிற மாதிரி தாடையைத் தடவினார்.

அங்கேயே விட்டிருந்தால் காரியம் முடிந்திருக்கும். சும்மா கிடந்த சங்கை ஊதிக் கெடுத்த ஆண்டியாக நான் எழுந்து நின்றேன்.

"அண்ணாச்சி, அது எங்க குறி இல்ல. டாக்டரு போடுத அடையாளம். அந்தப் பூனையில ஒண்ணுகூட எங்களுது கிடையாது. யாருக்கும் சொந்தமில்லாதது. எங்களக் கேக்காதிய."

சொல்லிவிட்டுக் கம்பீரமாக உட்கார்ந்தேன். பெண்டாட்டியைப் பெரிய பாரத்திலிருந்து விடுவித்துவிட்டதாக எனக்கு நினைப்பு. நெல்லையப்பன் அண்ணாச்சி கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"அப்போ கேக்க ஆளில்லாத உருப்படி," என்றார். "அதப் புடிச்சிட்டுப் போக யாரு உத்தரவு வேணும்? வரச் சொல்லுங்க அந்த ஆள."

பொய் காப்பாற்றி வைத்திருந்த பூனைகளை ஒரு உண்மையைச் சொல்லி நான் கோணிக்குள் தள்ளிவிட்டேன். ஏஞ்சலம்மாள் என்னைத் திரும்பிப் பார்த்தாள். திட்டியிருந்தால் கூடத் தேவலை. பிறகு சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு மறுபடி எழுந்தாள்.

"குறி என்னுதுதான் அண்ணாச்சி."

"ஒன் வீட்டுக்காரன் டாக்டருதுன்னு சொல்லுதானே தாயி?"

"வெட்டுனது டாக்டரு. வெட்டச் சொன்னது நான். ஆட்டுக்குக் குறி போட்டா, கத்தி யாரு கையில இருந்துச்சுன்னா கேப்பிய? ஆடு யாருதுன்னுதான கேப்பிய?" என்றாள். பிறகு என் பக்கம் கையைக் காட்டி, "இவியளுக்கு என்ன தெரியும்? மில்லு ஓட்டுதவிய. எலிக் கணக்குத்தான் தெரியும்," என்றாள்.

கூட்டம் சிரித்தது. நானும் சிரித்தேன், வேறு என்ன செய்ய. அண்ணாச்சி மட்டும் சிரிக்கவில்லை.

"குறி ஒன்னுதுன்னா வம்பும் ஒன்னுது. ஈரலு போனாலும் பாலு போனாலும் நீதான் வந்து நிக்கணும். சம்மதமா?"

"சம்மதம்."

"குறி இல்லாதது?"

குறி இல்லாததற்குத் தனக்கு உரிமை இல்லை என்று ஏஞ்சலம்மாள் ஒத்துக்கொண்டாள். அப்படியானால் அடுத்த ஞாயிறு அந்த ஆள் வரட்டும், குறி இல்லாததை மட்டும் பிடித்துப் போகட்டும் என்று அண்ணாச்சி தீர்ப்புச் சொன்னார். எங்கள் சந்தில் குறி இல்லாத பூனை ஒன்றே ஒன்றுதான். முறைச்சி.

வீட்டுக்கு வந்ததும் அவள்தான் பேசினாள். என்மேல் கோபம் இல்லையாம். ஆனால் இவ்வளவையும் ஆரம்பித்ததே முறைச்சிக்காக, ஊர்ப் பூனையெல்லாம் பிழைத்து முறைச்சி மட்டும் கோணியில் போனால் தன்னால் அந்தக் கூண்டை இனித் தொட முடியாது என்றாள். சொல்லும்போது அழுதாள். ஏஞ்சலம்மாள் சுலபத்தில் அழுகிறவள் இல்லை. அவளுடைய அம்மா இறந்தபோது கூட வந்தவர்களுக்கெல்லாம் காப்பி கொடுத்துவிட்டுத்தான் அழுதாள்.

மறுநாள் விடிந்ததும் வேலை தொடங்கியது. பூனை பொறியில் விழ வேண்டுமானால் அது பசித்திருக்க வேண்டும். ஒருநாள் மட்டும் யாரும் முறைச்சிக்குச் சோறு போடாதீர்கள் என்று வீடு வீடாகச் சொல்லப் போனாள். அப்போதுதான் தெரிந்தது, அது ஒரு நாளைக்கு எத்தனை வீட்டில் சாப்பிடுகிறது என்று. புகார் சொன்ன அத்தனை வீட்டிலும் அதற்கு ஒரு கிண்ணம் இருந்தது. மன்சூர் அலி பாய் கடையில் கொழுப்புத் துண்டு, ஸ்கூட்டர்க்காரர் வீட்டில் மீன் தலை, நெல்லையப்பன் அண்ணாச்சி வீட்டில் மத்தியானம் தயிர்ச்சோறு. அண்ணாச்சி ஜன்னலை மூடிக்கொண்டு போட்டாராம், கமிட்டித் தலைவர் என்கிற மரியாதைக்காக. ஆளுக்கு ஆள் சத்தியம் செய்து கொடுத்தார்கள், ஒரு நாள் போடமாட்டோம் என்று. பசியோடு சுற்றுவதைப் பார்க்கமுடியாமல் ஸ்கூட்டர்க்காரர் வீட்டம்மா ஒரு மீன் தலையைப் போட்டுவிட்டாள். திங்கட்கிழமை வீணானது. ஏஞ்சலம்மாள் அந்த வாசலில் நின்று பேசிய பேச்சு நாலு சந்துக்குக் கேட்டது. செவ்வாய்க்கிழமை ஒருவரும் போடவில்லை.

கூண்டு அதற்குச் சரிப்படாது, கூண்டைப் பார்த்தாலே முறைச்சி பத்ராத் தகரக் கூரை மேல் ஏறிவிடும். ஆகையால் ஏஞ்சலம்மாள் என்னைக் கேட்காமல் என் மில்லில் இருந்து பெரிய கோதுமைச் சல்லடையை எடுத்துப்போனாள். மரச்சட்டம், அடியில் கம்பிவலை, நல்ல கனம். மூட்டை இடுக்குக்கு முன்னால் அதைக் கவிழ்த்து, ஒரு பக்கத்தை விறகுக்கட்டையால் முட்டுக்கொடுத்து, கட்டையில் கயிறு கட்டினாள். உள்ளே கருவாடு. பூனை உள்ளே வந்ததும் கயிற்றை இழுத்தால் சல்லடை அதன்மேல் கவிழும். அவள் கயிற்றோடு ஒளிந்து உட்கார்ந்தாள். முறைச்சி தூரத்திலிருந்தே அவள் வாசனையைக் கண்டுகொண்டு திரும்பிப் போனது. மறுபடி வந்தது, மறுபடி திரும்பியது.

"நான் இருந்தா வராது," என்றாள் என்னிடம். "நீங்க இழுங்க."

நான் எப்படி என்று கேட்டேன். நீங்கள் பக்கத்தில் உட்கார்ந்தால் அது லட்சியமே செய்யாதே, இத்தனை வருஷமாக நீங்களும் அதை லட்சியம் செய்ததில்லையே என்றாள். யோசித்துப் பார்த்தேன், வாஸ்தவம். நான் மில்லில் உட்கார்ந்திருக்கும்போது அது என் காலுக்கடியில் படுத்துத் தூங்கியிருக்கிறது. நான் ஒரு நாளும் தொட்டதில்லை, துரத்தியதும் இல்லை. இந்த உலகத்தில் அது பயப்படாத ஒரே மனுஷன் நான்தான் என்று எனக்கே அன்றைக்குத்தான் தெரிந்தது.

மத்தியானம் மில்லை நிறுத்திவிட்டு வழக்கம்போல ஸ்டூலில் உட்கார்ந்தேன். கயிறு முழங்காலுக்குக் கீழே. முறைச்சி வந்தது. என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு நேராகச் சல்லடைக்குக் கீழே போய்க் கருவாட்டைக் கடித்தது. நான் இழுத்தேன். சல்லடை விழுந்தது, உள்ளிருந்து ஒரு சத்தம் வந்தது. நம்பி வந்ததைப் பிடித்துவிட்டோமே என்று ஆகிவிட்டது எனக்கு. ஏஞ்சலம்மாள் ஓடிவந்து போர்வையைப் போர்த்தினாள், நான் சட்டத்தின் மேல் மாவு மூட்டையை வைத்து அழுத்திக்கொண்டேன். பிறகு மெதுவாகக் கூண்டுக்குள் தள்ளினோம். கூண்டுக்குள் இருந்தபடி அது என்னைத்தான் முறைத்தது. மன்னிச்சுக்கோ தாயே என்று நான் சொன்னதாக ஏஞ்சலம்மாள் எல்லாரிடமும் சொல்லிக்கொண்டு திரிகிறாள். நான் அப்படிச் சொல்லவில்லை என்று சொல்லமாட்டேன்.

முறைச்சி செம்பூர் போனது. அன்றைக்கே ஆபரேஷன் ஆனது, சனிக்கிழமை கூட்டிக்கொண்டு போகலாம் என்று டாக்டரம்மா சொன்னார். சனிக்கிழமை காலையில் ஏஞ்சலம்மாள் கூண்டோடு கிளம்பிப் போனாள். அவள் போய்க் கொஞ்ச நேரத்தில் கோணிக்காரன் வந்து நின்றான்.

ஞாயிறு வரவேண்டியவன் சனிக்கிழமையே வந்துவிட்டான். முன்பக்கத்துக் கட்டடத்தில் யாரோ போன் செய்து, எல்லாப் பூனையையும் பிடித்துக்கொண்டு போ என்று சொல்லியிருக்கிறார்கள். தீர்ப்பில் பாதிதான் அவர்கள் காதில் விழுந்திருந்தது. வயசான ஆள், வெற்றிலைக் காவி பல், கொடுமைக்காரன் போலவும் தெரியவில்லை. தன் வேலையைப் பார்க்க வந்திருந்தான். நான் மில் வாசலுக்கு வருவதற்குள் செவலைப்பூனையை முதுகுத் தோலைப் பிடித்துத் தூக்கிவிட்டான். ஆபரேஷன் ஆன பிறகு அது ஆளைக் கண்டு ஓடுவதில்லை, அதனால் வந்த வினை. இன்னொரு கையில் கோணி வாயைத் திறந்து வைத்திருந்தான்.

சந்தில் கூட்டம் கூடிவிட்டது. நெல்லையப்பன் அண்ணாச்சி தேநீர் கிளாசோடு வந்து நின்றார். மன்சூர் அலி பாய் கத்தியோடு அப்படியே கடையிலிருந்து இறங்கிவந்து, காதைப் பாருய்யா, காதைப் பாருய்யா என்றார். அவனுக்குத் தமிழ் தெரியாது. தெரிந்தாலும் காதில் என்ன இருக்கிறது என்று அவனுக்கு எப்படித் தெரியும்? திசையன்விளைக் குறி அவனிடம் செல்லுமா?

"யே கிஸ்கா ஹை?" என்று கேட்டான். யாருடையது என்று சொல்லுங்கள், கொடுத்துவிடுகிறேன் என்கிற தோரணை.

எல்லாரும் அண்ணாச்சியைப் பார்த்தார்கள். அண்ணாச்சி என்னைப் பார்த்தார்.

"குறி தானாப் பேசாது வே," என்றார். "குறிக்காரன் வாய்தான் பேசணும். அவ இங்க இல்ல. நீரு இருக்கீரு. நீருதான் அன்னிக்கு ஒம்மது இல்லன்னு சொன்னீரு."

எனக்குப் பூனை பிடிக்காது என்று தொடங்கினேன் அல்லவா? அந்த நிமிஷத்தில் அது ஞாபகத்திலேயே இல்லை. டாக்ஸியில் கூண்டை மடியில் வைத்துக்கொண்டு வந்துகொண்டிருப்பாளே, அவள் இந்தச் சந்தில் இறங்கும்போது இந்தச் செவலை இல்லாமல் இருந்தால் அவள் முகம் எப்படி இருக்கும் என்பதுதான் இருந்தது. ஊர் முன்னால் நான் சொந்தமில்லை என்று ஒதுக்கிவைத்ததை, ஒரு பெண்பிள்ளை தன்னந்தனியாக எழுந்து நின்று என்னுது என்று சொன்னாள். அவளுக்கு வாழ்க்கைப்பட்டவன் நான். வாய் இல்லாமல் நிற்கலாமா?

"மேரா," என்றேன். என்னுது.

அவன் செவலையைக் கீழே விட்டான். கூரை மேல் படுத்திருந்த சாம்பல் பூனையைக் காட்டினான். மேரா. குழாயடியில் இரண்டு நின்றன. மேரா, மேரா. சுவரோரத்தில் ஒரு கிழட்டுக் கடுவன், அதற்கு என்னைக் கண்டால் ஆகாது, எனக்கும் அதைக் கண்டால் ஆகாது. அதுவும் மேரா. எல்லாம் உன்னுடையது என்றால் எதற்கு என்னைக் கூப்பிட்டீர்கள் என்று அவன் இந்தியில் சலித்துக்கொண்டான். நியாயமான கேள்வி. முன்பக்கத்துக் கட்டடத்தில் போய்க் கேள் என்று மன்சூர் அலி பாய் வழி காட்டினார், கத்தியால்.

அந்த நேரத்தில் டாக்ஸி வந்து நின்றது. ஏஞ்சலம்மாள் இறங்கினாள். கூட்டத்தைப் பார்த்தாள், கோணியைப் பார்த்தாள், கால் அப்படியே நின்றுவிட்டது. பிறகு செவலை குழாயடியில் உட்கார்ந்து முகம் கழுவிக்கொண்டிருப்பதைப் பார்த்தாள். மூச்சு விட்டாள். யாரிடமும் ஒன்றும் கேட்காமல், மூட்டை இடுக்குக்கு நேராகக் கூண்டைத் தரையில் வைத்துச் சேலையை விலக்கிக் கதவைத் தூக்கினாள்.

முறைச்சி உடனே வரவில்லை. முதலில் மூக்கு வந்தது, பிறகு தலை. இடது காது நுனி நேராக, சுத்தமாக நறுக்கப்பட்டிருந்தது. சந்து முழுவதும் அதைப் பார்த்துக்கொண்டிருந்தது. அது வெளியே வந்து உடம்பை நீட்டி முறித்தது. கோணிக்காரன் இரண்டு காலுக்கும் நடுவில் புகுந்து போய், திரும்பி எங்கள் எல்லாரையும் ஒருதடவை முறைத்துவிட்டு மூட்டை மேல் ஏறிக்கொண்டது. கோணிக்காரன் அதைக் காட்டி என்னைப் பார்த்தான். நான் வாயைத் திறப்பதற்குள் சந்தில் இருந்த பாதிப்பேர் ஏஞ்சலம்மாளைக் கைகாட்டினார்கள். அவன் கோணியை மடித்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டு நடந்தான்.

நடந்ததையெல்லாம் மன்சூர் அலி பாய் ஏஞ்சலம்மாளிடம் சொன்னார். நான் எத்தனை தடவை மேரா சொன்னேன் என்பதை நடித்தே காட்டினார். அவள் என்னைப் பார்த்தாள். கல்யாணமான புதிதில் கூட அவள் என்னை அப்படிப் பார்த்தது கிடையாது. அவள் கண்ணில் இருந்தது என்னைப் பற்றிய பெருமை. நாலு பேர் முன்னால் வைத்து இந்த வயசில் எனக்கு வெட்கமாகப் போய்விட்டது.

நெல்லையப்பன் அண்ணாச்சி கிளாசில் இருந்த கடைசி வாய்த் தேநீரைக் குடித்துவிட்டு என் பக்கத்தில் வந்தார்.

"எல்லாத்தையும் ஒம்மதுன்னு சொல்லிட்டீரு, சரி. ஆனா குறி ஏஞ்சலோடதுல்லா? அப்போ நீரு யாரு வே இதுல? நீரும் அவ மந்தையில ஒரு உருப்படிதானா?"

சந்தே சிரித்தது. ஏஞ்சலம்மாள் சேலைத் தலைப்பால் வாயை மூடிக்கொண்டாள்.

"ஆமா அண்ணாச்சி," என்றேன். "மொதக் குறி எனக்குத்தான் விழுந்துச்சு."